ஷஃபிளில் போட்டால் பாழாகிற ஆல்பங்கள்

எனக்குப் பிடித்த ஆல்பங்களுக்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. ஷஃபிளில் போட்டால் கெட்டுவிடும். பாட்டுகள் இடம் மாறியும் ஒன்றும் குறையவில்லை என்றால், என் கணக்கில் அது நல்ல பாட்டுகளின் தொகுப்பு, அவ்வளவுதான். இதைச் சொன்னால் நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பிக்கப்பட்டது. அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' முடிந்ததும் 'அண்ட் வீ ஹேட் எ டாக்' வரும். பாக் வீட்டுக்கு வந்தாயிற்று, இனி பேச்சு. அந்த நேரம் பார்த்து வேறு எதற்கோ தாவினால் எப்படி? வி.எஸ். நரசிம்மனின் வயலினில் கமகம் எங்கே முடிகிறது, மேற்கத்திய வாசிப்பு எங்கே தொடங்குகிறது என்று எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் பிடிபடுவதில்லை.

பாக் என்றதும் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட். ஒரு மெட்டும் அதையொட்டிய முப்பது மாறுபாடுகளுமாக பாக் எழுதிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' படைப்பை அவர் ஸ்டூடியோவில் இரண்டு முறை பதிவு செய்தார். 1955இல், 22 வயதில் வாசித்தது சுமார் 38 நிமிடம். புயல் மாதிரி போகும். 1981இல் வாசித்தது 51 நிமிடம். சில பகுதிகளைத் திரும்ப வாசித்ததும் ஒரு காரணம். ஆனால் தொடக்க மெட்டான ஆரியாவைக் கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்: முதல் பதிவில் இரண்டு நிமிடம்கூட இல்லாதது, பின்னதில் மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. ஒவ்வொரு சுரத்தையும் வைத்துவிட்டு, அடுத்ததை வைக்கலாமா என்று யோசிப்பதுபோல. எனக்கு 1981தான். ஒரு வேரியேஷனின் துடிப்பிலிருந்தே அடுத்ததன் வேகம் பிறக்கும்படி கூல்ட் கணக்குப் போட்டு வாசித்திருக்கிறார். அதனால் முப்பது வேரியேஷன்களும் ஒரே மூச்சாக ஓடுகின்றன. கடைசியில் அதே ஆரியா ஒரு சுரமும் மாறாமல் திரும்ப வருகிறது. நடுவில் உள்ளதைக் கேட்காமல் அதை மட்டும் கேட்டால் வெறும் அழகான மெட்டு. எல்லாம் கேட்டுவிட்டு வந்தால் தொண்டை அடைக்கும்.

ஹெட்ஃபோனில் கேட்டால் பியானோவுக்குப் பின்னால் கூல்ட் முனகுவதும் கேட்கும். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அந்த முனகல் இல்லாத கூல்ட் வேண்டாம்.

'கால் ஆஃப் தி வேலி' (1967) கேட்காதவர்கள் கேட்டுவிடுங்கள். சிவகுமார் சர்மாவின் சந்தூர் என்ற தந்தி வாத்தியம், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷண் கப்ராவின் கிட்டார். காஷ்மீர் ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாள், காலை ராகமான ஆஹிர் பைரவில் விடிகிறது. வரிசையைக் கலைத்தால் பொழுதே கலைந்துவிடும்.

என் விதிக்கு அடங்காத ஒன்றும் இருக்கிறது: ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959). கூல்ட் இரண்டு முறையும் வாசித்த அதே நியூயார்க் ஸ்டூடியோவில்தான் இதுவும் பதிவானது. முன்பு தேவாலயமாக இருந்த கட்டிடம். ஐந்து பாட்டுகளையும் எப்படிக் குலுக்கிப் போட்டாலும் இந்த ஆல்பம் அசைவதில்லை. அதில் உள்ள 'ஸோ வாட்'டில் மைல்ஸ் தனியாக வாசிக்கத் தொடங்கும் இடத்தில் டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு அடி கொடுப்பார். அந்த ஒலி அடங்குவதற்குள் டிரம்பெட் பாதி வாக்கியம் பேசி முடித்திருக்கும். அந்த ஓர் அடிக்காக விதியைத் தளர்த்திக்கொண்டேன்.