பாலைவனத்தில் கடல் ஏது?

மே 8, 2025, வியாழன்

காலையில் மீனாட்சி திருக்கல்யாணம் முடிந்ததும் அக்காவும் நானும் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். திருவிழாவுக்காக உசிலம்பட்டியிலிருந்து வந்திருக்கிறாள், மனமெல்லாம் ஜெய்சல்மேரில். பாகிஸ்தானோடு சண்டை நடக்கும் நேரம், மகன் அந்த எல்லை ஊரில் ராணுவத்தில் இருக்கிறான்.

இரவுச் சாப்பாட்டின்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது: 'ஜெய்சல்மேர் மீது ஏவுகணை'. அனுப்பியவன் சித்தப்பா மகன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

நான் நிறுத்தி நிறுத்திப் பத்து முறையாவது பார்த்தேன். குடைபோல விரியும் வெள்ளை மேகம். அதன் அடியில் தண்ணீர், கரையோரம் உயரமான தானியக் கிடங்கு. தார்ப் பாலைவனத்தில் கடல் ஏது? 2020 ஆகஸ்ட் 4 அன்று லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த காட்சி அது. சொன்னேன். அக்கா தலையாட்டினாள், சாப்பிடவில்லை.

மே 9, வெள்ளி

இன்று தேரோட்டம். நாங்கள் போகவில்லை.

நேற்றிரவு எல்லையில் ட்ரோன்கள் வந்ததும், ஊர்களில் விளக்கணைத்ததும் உண்மை. அந்த உண்மையைப் பற்றிக்கொண்டுதான் பொய் ஏறி வருகிறது. பாகிஸ்தானின் கராச்சித் துறைமுகம் அழிந்ததாகச் சில தொலைக்காட்சிகளே சொல்லின. குழுவில் கைதட்டல் படங்கள் குவிந்தன. துறைமுகம் அழியவே இல்லை. எதிரியின் பொய்க்குக் கொதிக்கிறோம், நம் பொய் மட்டும் இனிக்கிறதா?

மாமா ஒருவர் அக்கா மகனின் படைப்பிரிவையும், கடைசியாகப் பேசிய இடத்தையும் குழுவில் எழுதிவிட்டார். பதறிப்போய் அழிக்கச் சொன்னேன். படைவீரர்கள் ஓடிப் பயிற்சி செய்த தடங்களே 2018-இல், ஓடும் பாதையைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் வரைபடத்தில் ராணுவ முகாம்களைக் காட்டிக்கொடுத்தன. பாசத்தில் எழுதினாலும் ஊர்ப்பெயர் ஊர்ப்பெயர்தானே. மாமா கோபித்துக்கொண்டார், ஆனாலும் அழித்துவிட்டார்.

மே 10, சனி

மாலை 5 மணியோடு சண்டை நிறுத்தம். இரவு அழைத்தான். "சாப்பிட்டேன் அம்மா. அழகரைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போ." அவ்வளவுதான். அக்கா இரண்டு நாளுக்குப் பிறகு தோசை கேட்டாள்.

மே 11, ஞாயிறு

தல்லாகுளத்தில் எதிர்சேவைக் கூட்டம். பூ வாங்க நின்றோம். அக்கா மகன் எங்கே இருக்கிறான் என்று பேச்சில் தெரிந்ததும் பூக்கார அம்மாள் கைப்பேசியை எடுத்து நீட்டினார். அதே வெள்ளை மேகம்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா அதை வாங்கினாள். கீழ்மூலையில் விரலை வைத்து, "இங்கே பாருங்கள் அம்மா, தண்ணீர். என் மகன் இருப்பது மணல்காடு" என்றாள். அந்த அம்மாள் கைப்பேசியைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, இதை அனுப்பிய தன் மருமகனை அங்கேயே கூப்பிட்டார்.