நடிகமணியின் ஊரில் ஒரு காலைப்பொழுது

யாழ்ப்பாணத்திலிருந்து காலை ரயிலில் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டபோது என் கைபேசியில் ஒரு பழைய ஒலிப்பதிவு இருந்தது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், மேடைக்கு முன்னால் பாய் விரித்து அமர்ந்தபடி, அப்பா கசெற்றில் பதிந்த அரிச்சந்திர மயான காண்டம் என்ற இசை நாடகம் அது. அரிச்சந்திரனாகப் பாடுபவர் நடிகமணி வி. வி. வைரமுத்து. 1924இல் பிறந்து 1989இல் மறைந்த அந்தப் பெருங்கலைஞரின் ஊரான காங்கேசன்துறையை ஒருமுறை போய்ப் பார்த்துவர வேண்டும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அவரால் முடியவில்லை. 1990இல் போரால் ஊர்கள் இடம்பெயர்ந்தன. காங்கேசன்துறை வரையான ரயிலே 2015 ஜனவரியில்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது.

சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோக, செம்மண் தோட்டங்களைப் பார்த்தபடி அந்தக் கலையின் பயணத்தை நினைத்துக்கொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கடல் கடந்து வந்த தென்னிந்திய நாடகக் குழுக்கள் கொட்டகை போட்டு ஆடிய இசை நாடகங்களைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த பாட்டுகளைத் தம் குரலுக்கும் தம் மேடைக்கும் ஏற்ப ஆக்கிக்கொண்டு, அதை ‘டிறாமா’ என்றும் ‘கொட்டகைக் கூத்து’ என்றும் தங்கள் பெயரால் அழைத்தார்கள். ஆர்மோனியக்காரர் மேடையோரம் அமர்ந்து பிற்பாட்டும் பாடுவார். பெண் வேடங்களை நெடுங்காலம் ஆண்களே கட்டினார்கள். இந்த மரபில் வளர்ந்த வைரமுத்து, வசந்தகான சபா என்ற நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஆடினார். மயான காண்டம் மட்டும் மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேறியது என்பது இங்கே பலரும் சொல்லும் கணக்கு.

நிலையத்தில் இறங்கித் துறைமுகப் பக்கம் சிறிது நடந்துவிட்டு, ஓட்டோவில் கீரிமலைக்குப் போனேன். கேணிக்கரையில் ஒரு குடும்பம், இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்காகக் காத்திருந்தது. வெள்ளைத் துணியால் வாய் கட்டிய சிறு முட்டியை மடியில் வைத்திருந்த மகனுக்குப் பதினைந்து வயதுதான் இருக்கும். அப்பாவின் அந்தியேட்டியையும் இதே கரையில்தான் நான் செய்தேன். மயான காண்டத்தை எங்கள் மக்கள் ஏன் இப்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள் என்பது அங்கே நின்றபோது எனக்கு விளங்கியது. வாய்க்கரிசி, கொள்ளி, சாம்பல் எல்லாம் அவர்கள் கையால் தொட்டு அறிந்தவை. பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைத் தாய் சுமந்து வர, பெற்ற பிள்ளை என்று அறியாமல் கால்பணமும் முழத்துண்டும் கேட்கிறான் சுடலை காக்கும் அரசன். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலியைக் கண்டபிறகுதான், எதிரே நிற்பவள் சந்திரமதி என்று அவனுக்குத் தெரியவருகிறது. தெரிந்த பிறகும் அவன் கூலியை விட்டுக்கொடுப்பதில்லை.

கூலி கேட்கும் அந்த இடம்தான் நடிகனுக்குச் சோதனை என்று நான் நினைக்கிறேன். அழுது பாடினால் அரிச்சந்திரன் இல்லை, அதட்டிப் பாடினால் மனிதன் இல்லை. வைரமுத்துவின் குரல் அந்த இடத்தில் உச்சத்தில் நின்றுகொண்டே கனிகிறது. சொல் ஒன்றுகூடச் சிதையாமல், மூச்சு வாங்கும் ஒலி கேட்க, கடமையையும் துயரத்தையும் ஒரே அடியில் இறக்கி வைக்கிறார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது புதிதாகவே இருக்கிறது.

மடத்துத் திண்ணையில் இருந்த முதியவர் ஒருவர், “தம்பி, நீர் எந்த ஊர்?” என்று கேட்டார். வந்த காரணத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அந்தக் காலத்திலை கதை தெரியாமலோ சனம் வந்தது? எல்லாருக்கும் தெரியும். பிள்ளையளை மடியிலை நித்திரையாக்கிப்போட்டு, மயானம் வருமட்டும் சாமம் சாமமாக் காத்திருப்பம். அவர் எடுத்துப் பாடினால் பக்கத்திலை இருக்கிறவரைத் திரும்பிப் பார்க்கேலாது. அவரும் அழுதுகொண்டுதான் இருப்பார்.”

கைபேசியை அவரிடம் நீட்டினேன். காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இடையில் எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தமும், யாரோ இருமும் சத்தமும், கசெற்றின் இரைச்சலும் வந்தன. அவர் கண்களை மூடி, விரலால் முழங்காலில் தாளம் போட்டபடி இருந்தார். ஆர்மோனியம் சுருதி மாறியதும் விரல் நின்றது.

“ஐயா, நிற்பாட்டவா?” என்றேன்.

“வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறும். இனித்தான் தாலி தெரியப்போகுது” என்றார்.