தேவையில்லைன்னு சொல்லிடுங்க

தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்கிற வேலையில் சினிமா பார்க்கச் சொல்வது பழைய உத்திதான். தங்களைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்காதவர்கள், திரையில் பார்த்தவரைப் பற்றி என்றால் தாராளமாகப் பேசுவார்கள். நான் வழக்கமாகச் சொல்வது 2012-ல் வந்த 'ஹோப் ஸ்பிரிங்ஸ்'. ஒமாஹா நகரத்துத் தம்பதி, கல்யாணமாகி 31 வருடம். மனைவி கே தினமும் காலையில் முட்டை பொரித்து வைப்பார், கணவர் ஆர்னால்டு பேப்பரிலிருந்து தலை தூக்காமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவார். ராத்திரி டிவியில் கோல்ஃப் ஓடும், அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போவார். ஆளுக்கொரு அறை. கடைசியில் கே தன் சேமிப்பை எடுத்துக் கட்டணம் கட்டி, மெய்ன் மாநிலத்துக் கடலோர ஊரில் இருக்கும் டாக்டரிடம் ஒரு வார சிகிச்சைக்கு அவரை இழுத்துக்கொண்டு போகிறார். மெரில் ஸ்ட்ரீப்பும் டாமி லீ ஜோன்ஸும் நடித்தது. ஒன்றிரண்டு காட்சி சங்கடமாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அடிதடி இல்லை, கள்ள உறவு இல்லை, ஆனாலும் காய்ந்துபோன கல்யாணம். என்னிடம் வருகிற பாதிப்பேர் அந்த ரகம்.

நான் சொல்ல வந்த தம்பதியும் அப்படித்தான். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன். பெண் பிளஸ் டூ படிக்கும்போது ராத்திரி டீ போட்டுக் கொடுக்கத் தோதாக இருக்கும் என்று அம்மா அவள் அறைக்குப் படுக்கப் போனார். பெண் காலேஜ் முடித்து வேலைக்கும் போய்விட்டாள். காலியான கட்டிலுக்கு மாமியார் வந்தார். அம்மா இன்னும் அதே அறையில்தான். யாரும் கோபித்துக்கொண்டு பிரிந்து படுக்கவில்லை. நம் ஊரில் முக்கால்வாசி அப்படித்தான் ஆகிறது. தேதி சொல்லக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

படம் பார்த்துவிட்டு வந்தார்கள். "நல்லாத்தான் இருந்துச்சு. அந்த டாக்டர்தான் ரொம்ப கேள்வி கேக்குறார்" என்றார் கணவர். அவர் மனைவி வேறு விஷயம் சொன்னார். "அவங்களுக்கு ஊரைவிட்டுப் போக ஒரு வாரம் கிடைச்சுது மேடம். எங்க அத்தை ராத்திரியில ரெண்டு தடவை எழுந்திருப்பாங்க. யார் பிடிச்சுக்குறது?"

அப்போதுதான் கணவர் கேட்டார், என்னைப் பார்த்து: "மேடம், நீங்களே சொல்லுங்க. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போறேன். இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

நான் வாயெடுப்பதற்குள் அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "தேவையில்லைன்னு சொல்லிடுங்க மேடம். ரெண்டு பேருக்கும் நிம்மதி."

சொல்லும்போது கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அது பாதியில் துணியில் மாட்டிக்கொண்டது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அன்று உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன்: "அதை நீங்க ரெண்டு பேரும்தான் சேர்ந்து முடிவு பண்ணணும்."

படித்த படிப்பு சொல்லச் சொல்கிற பதில் அது. இன்றைக்கும் அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். தேவை என்று சொல்லியிருந்தால் மனைவிக்கு வக்கீலாகியிருப்பேன், அறையில் ரெண்டு பெண்கள், எதிரே ஒரு ஆண். தேவையில்லை என்றால் கதையே முடிந்தது. தாம்பத்திய உறவுக்கான இந்தச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட அமெரிக்கர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் ஒரு ஆண், ஒரு பெண் என்று ரெண்டு ஆலோசகர்கள் சேர்ந்துதான் உட்கார வேண்டும் என்பதில் கறாராக இருந்தார்கள். கணவன் தனியாளாக உணரக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். நம் கட்டணத்தில் ஒரு ஆளுக்கே நாற்காலி போடுவது பெரிய பாடு.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் அவர்களிடம் போன தம்பதிகளுக்கு ரெண்டு வார சிகிச்சை. வெளியூர்க்காரர்கள் ஓட்டலில் தங்கி தினமும் வந்து போவார்கள். உடலுறவு வேண்டாம், முதலில் மாறி மாறித் தொட்டுப் பழகுங்கள் என்ற பயிற்சி 1970-ல் வந்த அவர்கள் புத்தகம் வழியாகத்தான் உலகமெல்லாம் பரவியது. வீட்டு வேலை, பிள்ளைகுட்டி எதுவும் இல்லாத ஓட்டல் அறையில் வளர்ந்த பயிற்சி. அதை வாங்கிவந்து, சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமுகிற வீட்டில் செய்யச் சொல்கிறோம். அந்த அம்மா ஒரே வாக்கியத்தில் கேட்டது இதைத்தான். (மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1971-ல் கல்யாணம் செய்துகொண்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விவாகரத்து வாங்கினார்கள். இதை வகுப்பில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.)

சரி, அந்தப் பதிலில் என்னதான் உறுத்துகிறது? அவர் திரும்பிப் பார்த்தாரே, அந்த நேரம். நான் பேசாமல் இருந்திருந்தால் அவரே ஏதாவது கேட்டிருப்பாரோ என்று தோன்றும். உடனே எதிர்வாதமும் வரும்: இந்த மாதிரித் தம்பதிகள் முன்னால் நான் மௌனமாக இருந்த பல தடவை ஆண் செல்போனை எடுத்திருக்கிறார், பெண் புடவைத் தலைப்பைச் சரி செய்திருக்கிறார். மௌனம் எல்லாருக்கும் வேலை செய்யாது.

கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் பேர் சொல்லாமல் இதைச் சொன்னேன். "அந்தம்மா இல்லைன்னு சொல்லல, இவர் மறுத்துச் சொல்லட்டும்னு காத்திருந்தாங்க" என்றார். இருக்கலாம். ஆனால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. முப்பது வருடம் சமைத்து, பிள்ளை வளர்த்து, மாமியாரைக் கழுவித் துடைக்கும் ஒரு பெண் ராத்திரியில் தன் உடம்பு தனக்கே இருக்கட்டும் என்று நினைத்தால், அதை நோய் மாதிரிப் பார்க்க நான் யார்? படத்தில் கேவுக்கு ஆசை இருந்தது, அதனால் கதை நகர்ந்தது. இந்த அம்மாவுக்கு இருக்கிறதா என்று நான் தனியாகக் கேட்கவில்லை. கேட்டால் கணவருக்குத் தெரியாத ஒன்று என் மடியில் வந்து விழும், அப்புறம் அதை வைத்துக்கொண்டு ரெண்டு பேருக்கும் பொதுவாக இருக்க முடியாது. அதனால் இப்படிப்பட்டவர்களைத் தனியாகப் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். அந்த விதி எத்தனையோ வீடுகளில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த வீடுகளைக் காப்பாற்றியதா என்பது வேறு கேள்வி.

அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டு போனார்கள், வரவில்லை. பணம் பாக்கி எதுவும் வைக்கவில்லை.

சில மாதம் கழித்து அந்த அம்மா போன் பண்ணினார். பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சி ஏதாவது தெரியுமா என்று கேட்டார், அத்தைக்கு வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஒரு நம்பரைக் கொடுத்தேன். பகலுக்கு ஆள் சுலபமாகக் கிடைக்கும், ராத்திரிக்கு வருபவர்கள் குறைச்சல், சம்பளமும் கூடுதல் என்று சொன்னேன்.

"பரவாயில்ல மேடம், ராத்திரிக்குத்தான் வேணும்" என்றார்.

சாரைப் பற்றி நான் விசாரிக்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. கூட வேலை பார்ப்பவரிடம் சொன்னபோது, "பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்திருப்பாங்க, நீங்க பாட்டுக்குக் கற்பனை பண்ணாதீங்க" என்றார். அதுவும் நடக்கக்கூடியதுதான். வயதானவர்களுக்கு ஆள் வேண்டியிருப்பது பெரும்பாலும் ராத்திரியில்தானே.