ஊசி ஆடியது எதனால்?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில், ஆதாரம் (நிலப் பத்திரம்) எழுதும் ஆபீஸ் ஒன்றில் பதினோரு வருஷமாக டைப் செய்கிறேன். 'கிழக்கு எல்லை ஓடை, மேற்கு எல்லை ரப்பர் தோட்டம்' என்று பகல் முழுக்க அடித்துவிட்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒரு சரித்திரக் காதல் கதை எழுதினேன். அதுவும் சிரிப்புக் கதை. இருபது மாதம் பிடித்தது. எப்படி எழுதி முடித்தாய் என்று சிலர் கேட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

ஒரு பதிப்பகம் நாவல் கேட்டிருந்தது. சரித்திரக் காதல், முப்பதாயிரம் சொல், ராஜா ராணி வேண்டாம். அந்தக் கடைசி நிபந்தனையில்தான் விழுந்தேன். எனக்கு ராஜாக்களைப் பிடிக்காது என்றில்லை, அவர்களுடைய ஆபரணங்களை வர்ணித்து மாளாது.

மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போன ஒரு நாளில் கதைக்கு இடம் கிடைத்தது. பாளையம் பக்கத்துக் குன்றை ஏன் ஒப்சர்வேட்டரி ஹில்ஸ் என்கிறார்கள் என்று தேடப்போய், பல நாள் அதிலேயே கிடந்தேன். 1837-ல் சுவாதித் திருநாள் மகாராஜா அங்கே வானாய்வுக்கூடம் அமைத்தார். முதல் தலைவர் ஜான் கால்டிகாட். 1852-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன் வந்தார். அவருக்கு நட்சத்திரத்தைவிடக் காந்த ஊசி மேல்தான் கண். திருவனந்தபுரம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு (காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் கோடு) பக்கத்தில் இருப்பதால், அந்த ஊசி என்ன செய்கிறது என்று மணிக்கொரு தடவை, ராத்திரியும் பகலும், உள்ளூர் உதவியாளர்களை வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தார். போதாதென்று அகத்தியமலை உச்சியிலும், ஆறாயிரம் அடிக்கு மேலே, ஒரு கூடம் கட்டினார். காட்டு யானைக்கு நடுவில் ஊசிக்கு ஒரு வீடு!

அந்த உதவியாளர்களில் ஒருவன்தான் என் நாயகன். நாகர்கோவில் மிஷன் பெண்கள் பள்ளியில் படித்து, திருவனந்தபுரத்தில் மாமா வீட்டில் இருப்பவள் நாயகி. மாமாவுக்கு 1829-லேயே தொடங்கிவிட்ட பொது நூலகத்தில் அலமாரி துடைக்கும் வேலை. துடைக்கிற சாக்கில் புத்தகங்கள் மருமகளிடம் போய்வருகின்றன. என் வீட்டுக்காரர் இருவருக்கும் ஊசிக்காரன், சாவிக்காரி என்று பெயர் வைத்துவிட்டார். சாவி எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

காந்தம் அளக்கும் கட்டடத்தில் இரும்பு ஆகாது. ஆணிகூடச் செம்பில்தான் அடிப்பார்களாம். இதைப் படித்த உடனே சமையலறைக்குப் போய், போனில் திசைகாட்டியைத் திறந்து மேசையில் வைத்தேன். பித்தளைச் செம்பை அருகே கொண்டுபோனேன், அசையவில்லை. வெட்டோத்தியை (வெட்டுக்கத்தி) கொண்டுபோனதும் வடக்கு சட்டென்று கிழக்கே திரும்பியது. பீரோ சாவிக்கொத்துக்கும் அப்படியே. அங்கேயே நின்று சிரித்துவிட்டேன். கதை கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் நாலு மணிக்கு ஊசி ஆடுகிறது. ஊசிக்காரன் 'காந்தக் கலக்கம்' என்று குறித்துவைக்கிறான். சூரியனிலிருந்து வருகிறதோ, கடலிலிருந்து வருகிறதோ என்று தூக்கம் கெடுகிறான். ஐரோப்பாவில் பல ஆய்வுக்கூடங்கள் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர நேரத்தை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஊசி பார்த்தது அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான். அங்கும் ஆடியதா என்று கடிதம் போடுகிறான். கப்பலில் போன கடிதத்துக்கு மாதக்கணக்கில் கழித்துப் பதில் வருகிறது: 'இங்கே ஒன்றும் ஆடவில்லை.' அலமாரிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று புத்தகம் படிப்பவளை அவன் பார்க்கவே இல்லை.

பிளஸ் டூ படிக்கும் என் மகன் இதற்கும் ஒரு குறை சொன்னான். தூரம் இரண்டு மடங்கானால் காந்தப் பாதிப்பு எட்டில் ஒன்றாகிவிடுமாம். "பத்தடி தள்ளி நின்னா ஊசிக்குத் தெரியாதும்மா." கோபமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், இதைவிட நல்ல உதவி வேறு இல்லை. அவள் பக்கத்தில் வந்தே ஆகவேண்டும். என்ன காரணம் சொல்லி வரவைப்பது என்று யோசித்ததில்தான் மூன்று அத்தியாயம் பிறந்தது. முதலில் வெயிலுக்கு ஒதுங்குகிறாள், பிறகு வெளிச்சத்துக்கு, கடைசியில் காரணமே சொல்வதில்லை.

தேதிகள் எனக்குக் கஷ்டமில்லை. எங்கள் பக்கத்துப் பழைய ஆதாரங்கள் எல்லாம் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில்தான் இருக்கும். சிங்க மாதம் (ஆகஸ்ட் நடு) முதல் டிசம்பர் வரை 824-ஐக் கூட்டு, ஜனவரிக்கு மேல் 825. இது எனக்குத் தூக்கத்தில்கூட வரும். கதை நடப்பது கொல்லம் 1030, அதாவது 1854 ஆகஸ்டிலிருந்து 1855 ஆகஸ்ட் வரை.

அடி விழுந்தது வேறு இடத்தில். மாமியார் பலாக்கொட்டையின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள்; நான் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். 'மாலைக் காற்றில் அவள் தாவணி பறந்தது' என்ற இடத்தில் கை நின்றது.

"எந்தக் காலத்துக் கதை, பிள்ளே?"

"1855, மாமி."

"அப்போ தாவணி எங்கேருந்து வந்துது? எங்க பாட்டிக்க பாட்டி தோள்ல சீலை போட்டதுக்கு சந்தையில வச்சுக் கிழிச்சானுவ. அது உனக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் ஊரில் தோள்சீலைப் போராட்டம் தெரியாதவர்கள் யார்? ஆனாலும் எழுதும்போது கை தன்பாட்டுக்குத் தாவணியைப் போட்டுவிட்டது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று மகாராஜா அறிவித்ததே 1859 ஜூலையில்தான். அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால். அதற்கு முன்பு, கிறிஸ்தவர்களான பெண்களுக்குக் குப்பாயம் என்ற மேல்சட்டை போட மட்டும் அனுமதி. அதைப் போட்டுக்கொண்டு திருவனந்தபுரம் ரோட்டில் இவள் பாட்டுக்கு நடந்துபோய்விட முடியுமா?

இரண்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை. சிரிப்புக் கதையே தப்போ என்று தோன்றியது. அப்புறம் அவளுக்குக் குப்பாயம் போட்டு, குன்றின் பின்பக்க ஒற்றையடிப் பாதையைக் கொடுத்தேன். அந்தப் பாதையை அவள் ஏன் எடுக்கிறாள் என்பது ஊசிக்காரனுக்கு மெதுவாகத்தான் உறைக்கிறது. அந்த அத்தியாயத்தில் ஒரு ஜோக்கும் இல்லை. அதே 1030 மிதுன மாதத்தில், 1855 ஜூன் 24 அன்று, திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனம் வந்தது; அதையும் அதே அத்தியாயத்தில் வைத்தேன். மாமியிடம் வாசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பலாக்கொட்டையை என் பக்கம் தள்ளினார்கள்.

முதல் தடவை பதிப்பகம் திருப்பி அனுப்பியது. 'தகவல் ஜாஸ்தி, காதல் கம்மி.' நியாயம்தான். கால்டிகாட்டுக்குப் பதினொரு பக்கம் கொடுத்திருந்தேன். வெட்டி இரண்டு வரி ஆக்கினேன். நாயகன் நாயகிக்குக் காந்தப் பாடம் எடுக்கும் இடங்களை எல்லாம் அவள் கொட்டாவி விடுவதாக மாற்றியதில் பாதிக் கதை சரியாகிவிட்டது. பிரவுன் துரையை மேடைக்கு வெளியிலேயே நிறுத்தினேன். அவ்வப்போது அடுத்த அறையில் இருமுவார், அவ்வளவுதான். நிஜ மனிதர் வாயில் என் வசனத்தை வைக்க மனசு வரவில்லை.

அகத்தியமலைக் கூடத்துக்கு அவளைக் கூட்டிப்போக ஆசைப்பட்டேன். ஆனால் 2019 ஜனவரியில்தான், நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த உச்சிக்குப் பெண்கள் டிரெக்கிங் போகமுடிந்தது. 1855-ல் இவளை ஏற்றினால் மாமி மறுபடியும் கையை நிறுத்துவார்கள். ஊசிக்காரன் மட்டும் போய், அட்டை கடித்த காலோடு திரும்பிவருகிறான்.

முடிவில் அவள் சாவிகளைப் பித்தளையில் வார்த்துக்கொள்கிறாள். ஊசி ஆடுவது நின்றுவிடுகிறது. அதைப் பார்த்து அவன் பயந்துபோகிறான், அவள் வருவதை நிறுத்திவிட்டாள் என்று.

இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டார்கள். போன வாரம் புரூஃப் வந்தது. 'மாமா கன்னாருக்கு நாலு சக்கரம் கொடுத்தார்' என்று எழுதியிருந்தேன். கன்னார் என்றால் பித்தளை வேலை செய்பவர். சக்கரம் திருவிதாங்கூர்க் காசு. 28 சக்கரம் ஒரு ரூபாய். எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புரூஃப் பார்த்தவர் வடக்கத்தி ஆள் போலிருக்கிறது, அன்போடு திருத்தியிருந்தார்: 'மாமா கன்னாருக்கு நாலு சக்கர வண்டி கொடுத்தார்.'

வீட்டுக்காரர் அப்படியே விட்டுவிடச் சொல்கிறார்.