பழைய டெஸ்க்டாப்பில் ஜோடி சேராத ரேம்

திருநெல்வேலிப் பக்கம் எந்த ஜெராக்ஸ் கடையிலும் ஸ்டுடியோவிலும் எட்டிப் பார்த்தால், எச்61 வகை மதர்போர்டு போட்ட பழைய சிஸ்டம் ஒன்று இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும். உள்ளே 4 ஜிபி ரேம். டேலியும் குரோமும் சேர்ந்து திறந்தால் மவுஸ் நகராது. அதே கம்பெனி, அதே வேகத்தில் இன்னொன்று இப்போது கிடைப்பது அபூர்வம். கிடைப்பதை வாங்கிப் போடலாமா? தாராளமாகப் போடலாம். கம்பெனி வேறாக இருப்பது ஒரு விஷயமே இல்லை.

பார்க்க வேண்டியது லேபிள். பிசி3-10600 என்றால் வேகம் 1333, பிசி3-12800 என்றால் 1600. '3' க்குப் பின்னால் எல் இருந்தால் 1.35 வோல்ட் ரேம், இல்லாவிட்டால் 1.5. எல் ரேம் 1.5 வோல்ட்டையும் தாங்கும் என்பதால் எச்61, எச்81 போர்டுகளில் இரண்டையும் கலக்கலாம். ஆறாம் தலைமுறை பிராசசருக்கு வந்த டிடிஆர்3எல் (அந்த எல் ரேமுக்கான) போர்டில் மட்டும் 1.5 வோல்ட் ரேமைச் சொருக வேண்டாம். எண்ணின் கடைசியில் ஆர் இருந்தால் அது சர்வர் ரேம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

1333-ம் 1600-ம் சேர்ந்தால் இரண்டுமே 1333-ல்தான் ஓடும். இரண்டாம் தலைமுறை ஐ3-யின் உச்சமே 1333 என்பதால் அங்கே 1600-க்குக் கூடுதல் காசு வீண்.

பலரும் ஏமாறுவது சிப் அடர்த்தியில், அதாவது ஒரு சிப்பில் எவ்வளவு மெமரி அடங்குகிறது என்பதில். இன்னும் பழைய ஜி41 போர்டில் 4 ஜிபி ரேம் போட வேண்டுமானால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்க வேண்டும். ஒரே பக்கம் 8 சிப் உள்ள புது வகையை அந்தச் சிப்செட் ஒழுங்காகப் படிக்காது. டிஸ்பிளேயே வராமலும் போகலாம். அதேபோல ஆன்லைனில் ஆகக் குறைந்த விலைக்கு வரும் 8 ஜிபி டிடிஆர்3 சிலவற்றில் 'ஏஎம்டி-க்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். இன்டெல் போர்டில் அது வேலை செய்யாது. ரேம் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள், பாவம்.

அடுத்தது டூயல் சேனல், அதாவது இரண்டு ரேமும் இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் வேலை செய்து வேகம் கூட்டுவது. 4-ம் 8-ம் போட்டால் டூயல் போய்விடும் என்று கடையில் சொல்வார்கள், பாதிதான் சரி. இன்டெல் ஃபிளெக்ஸ் முறையில் 4+4 டூயலாகவும் மிஞ்சிய 4 சிங்கிளாகவும் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் அந்த டூயல் பங்கின் பலன் கண்கூடாகத் தெரியும். நான்கு ஸ்லாட் போர்டில் கணக்கே வேறு: ஒரு சேனலின் மொத்தமும் மறு சேனலின் மொத்தமும் சமமானால் போதும். ஒரு பக்கம் 4+4, மறுபக்கம் ஒற்றை 8 என்றால் முழு 16 ஜிபி-யும் டூயல்தான். ஸ்லாட்டின் நிறம் சேனலைக் குறிக்கிறதா ஜோடியைக் குறிக்கிறதா என்பது போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலைப் பாருங்கள்.

மாட்டும் முன் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டை இறக்குங்கள். ஆடிக் காற்றில் வள்ளியூர், பணகுடிப் பக்கத்து கேபினெட்டுகளில் செம்மண் அடை கட்டியிருக்கும். பழைய ரேமைக் கழற்றும் முன்பே பிரஷ்ஷும் பிளோயரும் போடுங்கள். கழற்றிய பிறகு ஊதினால் அத்தனை தூசும் ஸ்லாட்டுக்குள் போகும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் பின்கள் கறுத்திருக்கும். வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடையுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் தங்கப் பூச்சையே உரித்துவிடும்.

முதலில் புது ரேமை மட்டும் தனியாகப் போட்டு ஆன் செய்யுங்கள். அது சரியாக ஓடினால் பிறகு பழையதைச் சேருங்கள். ஃபேன் சுற்றி டிஸ்பிளே வராவிட்டால், அல்லது தானே ஆன் ஆஃப் ஆகிக்கொண்டிருந்தால், போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி பயாஸை (போர்டின் அடிப்படை செட்டிங்கை) கிளியர் செய்யுங்கள். ஒரு ஸ்லாட் மட்டும் எந்த ரேமையும் எடுக்கவில்லையா? ரேமைத் திட்ட வேண்டாம். எச்61-ல் ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருக்கிறது; சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலோ கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டாலோ அந்தச் சேனல் செத்துவிடும்.

விண்டோஸ் வந்துவிட்டது என்பதை வைத்து நம்பிவிடக் கூடாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு எர்ரர் வந்தாலும் அது எர்ரர்தான். தனித்தனியாகச் சுத்தமாக ஓடி, சேர்த்தால் மட்டும் எர்ரர் வந்தால் பயாஸில் வேகத்தை ஒரு படி இறக்கி, கமாண்ட் ரேட் என்ற செட்டிங்கை 2டி (சற்று நிதானமான முறை) ஆக்குங்கள். ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி ஆஃபில் இருக்கட்டும். பயாஸில் இந்த வசதியே இல்லாத போர்டு என்றால் ஸ்லாட் மாற்றிப் பாருங்கள். அதிலும் எர்ரர் வந்தால் அந்த ஜோடி உங்களுக்கு ஒத்துவராது. வாங்கும்போதே டெஸ்டிங் வாரண்டி பேசிக்கொள்வது இதற்குத்தான்.

8 ஜிபி போட்டும் விண்டோஸில் 3.2, 3.4 ஜிபி என்று காட்டினால் உங்களுடையது 32 பிட் விண்டோஸ். 64 பிட் ஏற்றாமல் வழியில்லை. 64 பிட்டிலும் குறைந்தால் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து, பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷனில் 'மேக்சிமம் மெமரி' டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.