ஓணானுக்குக் கல், கடல் பாம்புக்கு வெறுங்கை

ராமேசுவரம் தீவில் ஓணான் அடிப்பதற்குப் பையன்களிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். சேது கட்டும் வேலையின் நடுவே ராமருக்குத் தாகமெடுத்தபோது அணில் இளநீர் கொண்டுவந்ததாம். ஓணான் தன் மூத்திரத்தைக் கொடுத்ததாம். ஆகவே அணிலின் முதுகில் மூன்று கோடு விழுந்தது. ஓணானின் முதுகில் இன்றுவரை கல் விழுகிறது. நானும் சிறுவயதில் தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்கு வைத்து, வேலிக்கருவையின் மேல் தலையாட்டிக்கொண்டிருந்த ஓணானின் கழுத்தில் மாட்டி இழுத்தவன்தான். அது முறைத்துப் பார்த்தால் தொப்புள் வழியாக ரத்தத்தை உறிஞ்சிவிடும் என்று ஒரு கையால் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டே அந்த வீரச்செயலைச் செய்வோம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவந்துபோகின்றன. அதைத்தான் அது குடித்த ரத்தம் என்று நம்பினோம். பூச்சிகளைத் தின்று பிழைக்கும் அந்தப் பிராணிக்கு நஞ்சே கிடையாது.

பள்ளிக்கூடங்களிலும் மீனவர் குடியிருப்புகளிலும் ஊர்வனவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகுதான், இந்தக் கரையில் பயம் இல்லாமல் இல்லை, அது இடம் மாறிக் கிடக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. ஓணானைக் கண்டு தொப்புளை மூடிக்கொண்ட அதே பையன் வளர்ந்து, கடல் பாம்பை வெறுங்கையால் தூக்கி எறிகிறான்.

மண்டபத்துக்குத் தெற்கே ஒரு காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் சேரும் வலையின் மடி கரையேறி, காரலும் சாளையும் துள்ளிக்கொண்டிருந்த குவியலுக்குள்ளிருந்து ஒரு பெரியவர் கடல் பாம்பு ஒன்றை வாலைப் பிடித்து உருவி, பின்னால் மணலில் வீசினார். சாம்பல் உடம்பில் கருப்புப் பட்டைகள். வால் மட்டும் துடுப்பைப் போல் இருபுறமும் தட்டையாக இருந்தது. தண்ணீரில் அத்தனை லாவகமாகப் போகும் அந்தப் பாம்பால் மணலில் ஒரு முழம்கூட ஒழுங்காக நகர முடியவில்லை. தரைப் பாம்பு ஊன்றி நகர்வதற்கு உதவும் அகன்ற வயிற்றுச் செதில்கள் பெரும்பாலான கடல் பாம்புகளுக்கு இல்லை. அவை கடலிலேயே குட்டி போட்டு, கடலிலேயே வாழ்ந்து முடிக்கின்றன.

“இது சாதுங்க சார், கடிக்காது” என்றார் பெரியவர். பாதி உண்மை. நீருக்குள் தானாகத் தேடி வந்து மனிதரைக் கடிப்பது மிக அரிது; வலையில் நசுங்கியோ கையில் பிடிபட்டோ இருக்கும்போதுதான் கடிக்கிறது. ஆனால் வலைக்காரரின் அன்றாடத் தொழிலே அந்தச் சந்தர்ப்பங்கள்தான். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரிதாகத் தெரியாது என்பதால் முள் குத்தியது என்று நினைத்து வேலையைத் தொடர்வார்கள். சிறிது நேரத்திலோ சில மணி நேரம் கழித்தோ தசைகள் வலித்து இறுகும், தாடை திறக்க மறுக்கும், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரில் இறங்கி அது கடுங்காப்பி நிறத்தில் போகும். நம் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை வைத்துத் தயாரிக்கப்படுவது. கடல் பாம்புக் கடிக்கு அதை நம்ப முடியாது. செயற்கைச் சுவாசமும் சிறுநீரகச் சுத்திகரிப்பும்தான் ஆளைக் காப்பாற்ற வேண்டும்.

தரையிலும் இதே கதைதான். நஞ்சில்லாத சாரை நீளமாக இருப்பதாலேயே அடிபட்டுச் சாகிறது; எலியைத் தின்று உதவுகிற அதற்கு நாம் செய்யும் கைம்மாறு அது. மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்கிறார்கள்; தோல் நோய்க்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள், ஒரு முழத்துக்கும் குறைவான சுருட்டையை “குட்டிப் பாம்பு” என்று அலட்சியப்படுத்துகிறார்கள். அது சுருண்டு, செதில்களை ஒன்றோடொன்று உரசி, அரம் தேய்ப்பதுபோல் சத்தம் எழுப்பினால் விலகிவிட வேண்டும். அதன் நஞ்சு ரத்தத்தை உறையவிடாது. மருத்துவமனையில் புதிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் பிளேடால் கீறுவதும், ரத்தம் உறையாத உடம்பில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வள்ளத்துல போயிருக்கப்ப கடிச்சா?” என்றார். கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகையோடு சேர்த்து அசையாமல் வைத்து, வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே கரை திரும்ப வேண்டும். கடித்தது கடல் பாம்பு என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும் என்றேன்.

“அப்ப அன்னைக்குப் பாடு போச்சு. டீசல் காசு யாரு சார் குடுப்பா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. மணலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த பாம்பைச் சற்று நேரம் பார்த்தவர், பக்கத்திலிருந்த துடுப்பை அதன் அடியில் கொடுத்துத் தூக்கிப் போய் அலையில் விட்டார். முதல் அலை அதைத் திரும்பக் கரையில் தள்ளியது. இன்னொரு தடவை தூக்கி, முழங்கால் ஆழத்துக்கு இறங்கி விட்டுவிட்டு வந்தார்.