பிரிப்பை மாற்றினால் மடிப்பும் மாறுகிறது

“அப்போ நேத்து வந்தது தப்பா?” என்று அப்போது எங்கள் குழுவை நடத்தியவர் கேட்டார். “ரெண்டுமே சரிதான் சார்” என்றேன். அந்தப் பதில் இன்னமும் உறுத்துகிறது.

வண்டி மோதினால் எப்படி நசுங்கும் என்று கணினியில் கணக்கிடும் வாகன மோதல் சிமுலேஷன். வண்டியின் மாடலைச் சிறு சிறு துண்டுகளாக்கிய எலிமெண்ட்டுகளை எல்லா பிராசஸர்களுக்கும் எண்ணிக்கையில் சமமாகப் பங்கிட்டிருந்தோம். எண்ணிக்கை சமம், வேலை சமமில்லை. நசுங்குவது முன்பக்கம், எந்தப் பாகம் எதில் முட்டுகிறது என்று பார்க்கும் காண்டாக்ட் தேடலும் அங்கேதான் அதிகம். அந்தப் பகுதி யார் பங்கில் விழுந்ததோ அந்தச் சில பிராசஸர்கள் திணற, மற்றவை ஒவ்வொரு டைம் ஸ்டெப்பிலும், அதாவது கணக்கு முன்னேறும் ஒவ்வொரு சிறு நேரத் துண்டிலும், காத்துக் கிடந்தன. 100 மில்லிவினாடி மோதலை ஒரு மைக்ரோவினாடி ஸ்டெப்பில் ஓட்டினால் 1,00,000 ஸ்டெப். அத்தனையிலும் இந்தக் காத்திருப்பு.

வண்டியை நீளவாக்கில் பட்டை பட்டையாகப் பிரித்தேன். இந்தத் துறையில் எல்லோரும் செய்வதுதான்; நசுங்கும் பகுதியில் எல்லோருக்கும் ஒரு துண்டு கிடைத்துவிடும். ரன் சீக்கிரம் முடிந்தது. ஆனால் முன்பக்க நீளச்சட்டம் வேறு இடத்தில் மடிந்திருந்தது.

காரணம் தெரிந்ததே. பிரிப்பு மாறினால் விசைகளைக் கூட்டும் வரிசை மாறும். கணினி ஒவ்வொரு கூட்டலிலும் விடையைச் சுருக்கி வைப்பதால், வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும். வேறு கணக்கில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் இந்தப் பக்கம் மடிவதா அந்தப் பக்கமா என்ற நிலையில் இருக்கும் சட்டத்துக்கு அந்த இலக்கமே போதும்.

இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், “நாளைக்கு ஒரு தகட்டோட தடிமனை மாத்துறோம். வர்ற வித்தியாசம் தகட்டால வந்ததா, உங்க பிரிப்பால வந்ததான்னு எப்படிச் சொல்றது? பழையதே இருக்கட்டும்” என்றார்.

சரி என்றேன். பிராசஸர்கள் மறுபடி காத்திருக்கத் தொடங்கின.

அவர் கேட்டது நியாயம்தான். இரண்டு டிசைன்களை ஒப்பிட வேண்டுமென்றால் மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். ஆனால் பிரிப்பைப் பூட்டியதால் அந்தச் சட்டம் உறுதியாகிவிட்டதா என்ன? தகட்டின் தடிமனைத் தொட்டாலே எல்லா எண்களும் நகரத்தான் போகின்றன. பட்டைப் பிரிப்பால் மிச்சமாகும் நேரத்தில் வேண்டுமென்றே பல பிரிப்புகளில் ஓட்டி, மடிப்பு எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்திருக்கலாம். நான் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கெடு நெருங்கிய வாரத்தில் யார் விடுவார்கள்?

“ரெண்டையும் தனியாக நம்ப முடியாது சார்” என்பதுதான் பொருத்தமான பதிலாக இருந்திருக்குமோ. அப்படிச் சொல்லியிருந்தால் அதற்கு முன் அனுப்பிய அறிக்கைகளையும் தோண்ட வேண்டியிருந்திருக்கும்.

இப்போது நானே ஒரு குழுவை நடத்துகிறேன். எங்கள் மோதல் ரன்கள் எல்லாவற்றிலும் பிரிப்பு பூட்டித்தான் இருக்கிறது.